ஹிக்கியின் ஓவியத்தில் நிற்கும் மூவருக்கும் பெயர் உண்டு

ஆசிரியருக்கு,

ஐயா,

பழைய மதராஸில் வாழ்ந்த ஐரோப்பிய ஓவியர்களைப் பற்றித் தங்கள் ஞாயிறு பதிப்பில் அண்மையில் வெளிவந்த கட்டுரையை, சித்திரப் பாடம் கற்பித்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் மிகுந்த ஆர்வத்துடன் வாசித்தேன். மலையகத்துத் தமிழ் வாசகருக்குப் பழக்கமில்லாத ஒரு பொருளுக்கு முழுப் பக்கம் ஒதுக்கியமைக்கு முதலில் நன்றி கூறுகிறேன். ஆயினும் தோமஸ் ஹிக்கியைப் பற்றி அக்கட்டுரை சொன்னவற்றுள் சில திருத்தப்பட வேண்டியவை. அதனுடன் அச்சான ஓவியத்தின் கீழே இடப்பட்ட குறிப்போ என்னை மிகவும் உறுத்தியது. “கேணல் மெக்கன்சியும் மூன்று இந்தியர்களும்” என்று மட்டுமே அக்குறிப்பு சொல்கிறது. அந்த மூவரின் பெயர்கள் பதிவில் இருக்கின்றன. அவற்றை விட்டுவிட்டு அந்த ஓவியத்தை அச்சிடுவது, ஹிக்கியின் நீண்ட தொழில் வாழ்க்கையில் நமக்கு மிகவும் வேண்டிய பகுதியை விட்டுவிடுவதாகும் என்பதைச் சற்று விரிவாக எழுத இடம் தருமாறு வேண்டுகிறேன்.

கட்டுரையாளர் ஹிக்கியை ஆங்கிலேயர் என்கிறார். அவர் அயர்லாந்துக்காரர்; 1741 இல் டப்ளின் நகரில், கேப்பல் வீதியில் இனிப்புப் பண்டக் கடை நடத்திய ஒருவரின் மகனாகப் பிறந்தவர். அவருடைய தம்பி ஜோன் ஹிக்கி சிற்பியானார். கடைக்காரர் ஒருவரின் பிள்ளைகள் இருவர் ஓவியமும் சிற்பமும் பயின்று பிழைப்புத் தேடிக்கொள்ள முடிந்ததற்கு டப்ளின் சங்கம் நடத்திய சித்திரப் பள்ளிகள் முக்கியமான காரணம். அங்கே சிறுவர்களுக்கு இலவசமாகவே கற்பித்தார்கள். ரொபர்ட் வெஸ்ட் என்ற ஆசிரியரிடம் ஹிக்கி முதலில் கற்றது எண்ணெய் வர்ணம் அன்று; சோக்குக் கட்டியால் மனித உருவத்தையும் முகத்தையும் வரைவது. சவரிமுடி செய்பவரின் மகனான ஹியூ டக்ளஸ் ஹமில்டனும் அதே பள்ளியில் பயின்று வெளிர்வர்ணக் கட்டி ஓவியத்தில் பெரும் பெயர் எடுத்தவர்தான். ஒரு முகத்தை விரைவாக, ஒரே அமர்வில், சோக்கால் பிடித்துக்கொள்ளும் இந்தப் பழக்கம், பிற்காலத்தில் நம் தென்னாட்டுப் பாசறைகளிலும் கோட்டைகளிலும் ஹிக்கிக்குக் கைகொடுத்தது என்பதால்தான் இதைச் சொல்கிறேன். சித்திர ஆசிரியர் இல்லாமலே எத்தனையோ பிள்ளைகள் படிப்பை முடித்துச் செல்லும் நமது தோட்டப் பாடசாலைகளைப் பற்றியும் எழுதலாம்; ஆனால் அது வேறு கடிதத்துக்குரியது.

உருவப்பட ஓவியரின் பிழைப்பு அக்காலத்தில் நிலையானதன்று. புகழ் பெற்றவர்களுக்குத் தலைநகரில் கூட்டம் கூடும்; மற்றவர்கள், பணமுள்ளவர்கள் எங்கே கூடுகிறார்களோ அங்கே தாங்களாகவே போக வேண்டும். ஹிக்கி இரண்டாம் வகையைச் சேர்ந்தவர். இத்தாலியில் சில ஆண்டுகள் கற்றார், டப்ளினுக்குத் திரும்பினார், பின்னர் இலண்டனுக்குப் போய் ரோயல் அகாடமியின் பள்ளியில் சேர்ந்தார், வெந்நீர் ஊற்றுக்களுக்குப் பெயர் பெற்ற பாத் நகரிலே செல்வந்தர்கள் உடல்நலம் தேடி வந்து மாதக்கணக்கில் தங்குவார்கள் என்பதால் அங்கும் சில காலம் கடை விரித்தார். இவை எதுவும் போதுமானதாக அமையவில்லை. கிழக்கிந்தியக் கம்பனியின் அனுமதி பெற்று 1780 இல் இந்தியாவுக்குக் கப்பலேறினார். வழியில் பிரெஞ்சு, ஸ்பானியக் கூட்டுக் கடற்படை அந்தக் கப்பல்களைச் சிறைபிடித்துக் காடிஸ் துறைமுகத்துக்குக் கொண்டுபோயிற்று. போர் வீரர் அல்லாதவர் என்பதால் விடுதலை பெற்ற ஹிக்கி, ஊர் திரும்பாமல் லிஸ்பனில் தங்கி, அங்கிருந்த ஆங்கிலேயரை வரைந்து காலம் கழித்தார். ஒருவழியாகக் கல்கத்தாவை அடைந்தபோது 1784 ஆகிவிட்டது.

இங்கேதான் கட்டுரையாளர் இரண்டு மனிதர்களை ஒருவராக்கிவிட்டார். கல்கத்தாவின் களியாட்ட வாழ்க்கையைத் தம் நினைவுக்குறிப்புகளில் விரிவாக எழுதி வைத்தவர் வில்லியம் ஹிக்கி என்ற வழக்குரைஞர். அவருக்கும் ஓவியருக்கும் நட்பு உண்டு. குடும்ப உறவு இல்லை. இருவரும் லிஸ்பனிலேயே சந்தித்தவர்கள். வழக்குரைஞருடன் வாழ்ந்த ஜம்தானி என்ற இந்தியப் பெண்ணாக இருக்கலாம் எனக் கருதப்படும் ஓர் ஓவியத்தைத் தோமஸ் ஹிக்கி 1787 இல் வரைந்தார். அது இன்று டப்ளினில் அயர்லாந்தின் தேசிய ஓவியக்கூடத்தில் இருக்கிறது. மெல்லிய வெண்ணிறத் துணியும் நகைகளும் அணிந்து தரையில் அமர்ந்திருக்கும் அந்தப் பெண்ணின் முகத்தில் உள்ள அமைதியைப் பார்த்தவர் எவரும், அவள் அந்த வீட்டின் அலங்காரப் பொருளாக ஓவியர் கண்ணில் பட்டாள் என்று சொல்லமாட்டார். ஜம்தானி 1796 இல் பிள்ளைப்பேற்றை அடுத்து இறந்துபோனார். ஓவியத்தில் இருப்பவர் அவர்தான் என்று உறுதியாகச் சொல்ல முடியாதபடி, இன்றும் “ஒருவேளை” என்ற சொல்லை முன்னால் வைத்துத்தான் அந்த ஓவியத்துக்குத் தலைப்பிடுகிறார்கள். வரைவித்தவரின் பெயர் நின்றுவிட்டது. வரையப்பட்டவரின் பெயர் ஐயத்தில் தொங்குகிறது.

1791 இல் இங்கிலாந்து திரும்பிய ஹிக்கி, மெக்கார்ட்னி பிரபுவின் சீனத் தூதுக்குழுவில் உருவப்பட ஓவியராக 1792 இல் இடம்பெற்றார். மெக்கார்ட்னியும் அயர்லாந்துக்காரர், முன்பு மதராஸ் ஆளுநராக இருந்தவர். கட்டுரை இந்தப் பயணத்தை ஹிக்கியின் உச்சம் என வருணித்தது எனக்கு வியப்பாக இருந்தது. அந்தக் குழுவில் சீனத்தைப் பக்கம் பக்கமாக வரைந்து குவித்தவர் வில்லியம் அலெக்சாண்டர் என்ற இளைஞர். ஹிக்கியின் தூரிகை அங்கே ஏறக்குறையச் சும்மாவே இருந்தது. உடன் சென்றவர்களே அதைக் குறையாகப் பேசினார்கள்.

அவருடைய உச்சம் அதற்குப் பின்னர், நம் முன்னோர் வாழ்ந்த மண்ணில் அமைந்தது. 1798 இல் தம் இரு மகள்மாருடன் மதராஸ் வந்திறங்கியபோது அவருக்கு ஐம்பத்தேழு வயது. அடுத்த ஆண்டு மே 4 ஆம் திகதி ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்து திப்பு சுல்தான் கொல்லப்பட்டார். வெற்றியைக் கொண்டாடும் ஏழு பெரிய வரலாற்று ஓவியங்களை வரைய ஹிக்கி திட்டமிட்டார். அதற்காகப் போரில் ஈடுபட்ட பிரித்தானிய அதிகாரிகளை ஒவ்வொருவராக அமரவைத்து சோக்கால் வரைந்தார். அவ்வாறு வரைந்தவை ஐம்பதுக்கு மேல். டப்ளின் சிறுவனின் கை அங்கே மீண்டும் வேலை செய்தது. அந்த ஏழு ஓவியங்கள் திட்டமிட்டபடி உருவாகவில்லை. உருவாகாமற் போனதும் நல்லதே என்பது என் எண்ணம்; வெற்றிக் கொண்டாட்ட ஓவியங்கள் எல்லா நாட்டிலும் ஒரே மாதிரிதான் இருக்கும். அவற்றுக்குப் பதிலாக நமக்குக் கிடைத்திருப்பவை வேலூர்க் கோட்டையில் காவலில் இருந்த திப்புவின் மைந்தர்களின் உருவப்படங்களும், திப்புவிடமும் அவருக்குப் பின் மைசூர் அரசிலும் அமைச்சராக விளங்கிய பூர்ணையாவின் உருவப்படமும் போன்றவை. தோற்றவர்களையும், தோல்விக்குப் பின் நாட்டை நடத்தியவர்களையும், வென்றவர்களின் ஓவியர் வரைந்தார். பூர்ணையாவின் ஓவியத்தில் ஒரு கணக்கறிந்த நிர்வாகியின் கூர்மை அப்படியே இருக்கிறது. அடங்கிப்போன சிற்றரசு ஒன்றின் ஊழியரை வரைவதாக ஓவியர் நினைத்திருந்தால் அந்தக் கண்கள் அப்படி வந்திருக்கமாட்டா.

அதே காலத்தில் வரையப்பட்ட இன்னோர் ஓவியத்தையும் சொல்ல வேண்டும். மைசூர் அரண்மனைப் பெண்கள் மூவர் நிற்கும் அந்த ஓவியம் ஹிக்கியுடையது எனக் கருதப்படுகிறது. ஏறத்தாழ 1805 ஆம் ஆண்டுக்கு உரியது. நெடுங்காலம் நடன மாதர் என்று விவரிக்கப்பட்டு வந்த அவர்கள் மைசூர் அரச குடும்பப் பெண்கள் என்றும், அப்போது புதிதாக வந்திருந்த அம்மைப் பாலைக் குத்திக்கொள்ளும்படி மக்களைத் தூண்டவே அந்த ஓவியம் வரையப்பட்டது என்றும் ஆய்வாளர் ஒருவர் அண்மைக் காலத்தில் வாதிட்டிருக்கிறார். வலப்பக்கம் நிற்கும் பெண் சேலையை ஒதுக்கித் தன் மேற்கையைச் சுட்டுவது அவருடைய முக்கியச் சான்று. ஆய்வாளர் சொல்வது சரியானால், பெயர் தொலைந்ததால் அரசிகள் ஆட்டக்காரிகளாக ஆக்கப்பட்டிருக்கிறார்கள். ஓர் உருவப்படத்தின் கீழே என்ன எழுதப்படுகிறது என்பது சிறிய காரியமன்று.

மதராஸில் ஹிக்கியின் பிழைப்பு அதன்பின் தளர்ந்தது. டப்ளினில் சில ஆண்டுகள் தொழில் செய்த ஜோர்ஜ் சின்னரி என்ற இளைய ஓவியர் 1802 இல் அங்கு வந்து சேர்ந்தார். புதுமையை விரும்பும் வாடிக்கையாளர் அவரை நாடினர். கம்பனியின் அதிகாரபூர்வ வரலாற்று ஓவியராகத் தம்மை நியமிக்கும்படி 1804 இல் ஹிக்கி விடுத்த விண்ணப்பம் பலிக்கவில்லை. கல்கத்தாவுக்குப் போய்ச் சில ஆண்டுகள் இருந்து திரும்பி வந்தார். 1824 மே மாதம் மதராஸிலேயே இறந்தார்.

தாங்கள் அச்சிட்ட ஓவியம் அந்த இறுதிக் காலத்துக்குரியது. 1816 இல், தமது எழுபத்தைந்தாம் வயதில், ஹிக்கி அதை வரைந்தார். இன்று இலண்டனில் பிரித்தானிய நூலகத்தில் இருக்கிறது. நடுவில் சிவப்புச் சீருடையில் உயரமாக நிற்பவர் கொலின் மெக்கன்சி. 1783 இல் இந்தியாவுக்கு வந்து, நில அளவையில் ஈடுபட்டு, 1815 இல் இந்தியாவின் தலைமை நில அளவையாளரானவர். 1796 இல் ஒல்லாந்தருக்கு எதிரான படையெடுப்பில் பொறியியலாளராக நம் இலங்கைக்கும் வந்தவர். அவர் பெயரால் வழங்கும் தொகுப்பில், பின்னர் 1828 இல் அச்சான பட்டியலின்படி, 1568 சுவடிகளும் 8076 கல்வெட்டுப் படிகளும் இருந்தன. தமிழ்ச் சுவடிகள் பலவும் அவற்றுள் அடங்கும். தொகுப்பின் பெரும்பகுதி இன்று சென்னையில் அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தில் உள்ளது. மெக்கன்சிக்கு நம் நாட்டு மொழிகளில் புலமை இல்லை. ஊர் ஊராகச் சென்று சுவடிகளைக் கேட்டுப் பெற்றவர்களும், கோயில் மதில்களில் இருந்த எழுத்துகளைப் படித்துப் படியெடுத்தவர்களும், முதியவர்களிடம் ஊர்ச் செய்திகளை விசாரித்து எழுதியவர்களும் அவருடைய இந்திய உதவியாளர்கள்.

ஹிக்கியின் ஓவியத்தில் நிற்பவர்கள் அவர்களுள் மூவர். தொலைநோக்கியை ஏந்தி நிற்பவர் கிருஷ்ணாஜி, பதவியில் பியூன். மற்றவர்கள் சமணப் பண்டிதர் தர்மையா, தெலுங்குப் பிராமணரான காவலி வெங்கட லட்சுமையா. அவர்களுள் ஒருவரின் கையில் ஓலைச்சுவடி இருக்கிறது. பின்னணியில், குன்றின் மேல், 1432 இல் நிறுவப்பட்ட, கன்னட நாட்டுக் கார்க்களத்தில் உள்ள கோமதேசுவரர் என்ற சமணச் சிலை தெரிகிறது. சமணரான தர்மையா இல்லாமல் சமணச் சான்றுகளை மெக்கன்சி அவ்வளவு தூரம் அறிந்திருக்க முடியாது. ஆகவே அந்தச் சிலை அங்கே நிலக்காட்சிக்காக மட்டும் வைக்கப்பட்டதாக நான் நினைக்கவில்லை. தொலைநோக்கி, ஓலை, சிலை ஆகிய மூன்றும் மெக்கன்சி செய்த வேலையின் கருவியும் மூலமும் பயனும். அவற்றைக் கையில் வைத்திருப்பவர்களும் அவற்றோடு தொடர்புடையவர்களும் மற்ற மூவரே. சீருடைக்காரர் நிற்க மட்டும் செய்கிறார்.

இதைச் சொல்லும்போது ஹிக்கியை ஒரு புரட்சியாளராக்க நான் முயலவில்லை. கூலி கொடுத்தவரை நடுவில் நிறுத்தினார். உயரத்தையும் ஒளியையும் சிவப்பையும் அவருக்கே கொடுத்தார். கேணல் வில்லியம் கேர்க்பட்ரிக்கை முன்ஷிகள் எனப்பட்ட இந்திய மொழி எழுத்தர்களோடும் ஏவலரோடும் வரைந்தபோதும் இதே ஒழுங்குதான். ஆனால் மற்றவர்களின் முகங்களை அவர் அச்சில் வார்த்தாற்போல் போட்டுவிடவில்லை. ஒருவரின் தாடை போல் மற்றவரின் தாடை இல்லை. வயது வேறு, தலைப்பாகைக் கட்டு வேறு, பார்வை வேறு. ஒவ்வொருவரையும் தனித்தனியே கவனித்த ஒருவரால்தான் அப்படி வரைய முடியும். முகத்தின் நிறத்துக்கு ஒரு பழுப்புக் கலவையைத் தயாரித்து அதையே எல்லா இந்தியருக்கும் பூசிய ஓவியர்கள் அக்காலத்தில் நிறையவே இருந்தார்கள் என்பதை, பழைய ஓவியங்களைப் பார்த்துப் பழகிய எவரும் அறிவர்.

அம்மூவருள் லட்சுமையாவின் பிற்காலம் தனியே சொல்லத்தக்கது. அவருடைய அண்ணன் போரையா மெக்கன்சியின் முதன்மை உதவியாளராக இருந்து 1803 இல் இளம் வயதிலேயே இறந்தவர். மெக்கன்சி 1821 இல் இறந்த பின்னர், அந்த ஆய்வைத் தாமே தொடர்வதற்கு ஆதரவு வேண்டி மதராஸில் இருந்து லட்சுமையா முயன்றார். உதவியாளராக இருக்க அவருக்குத் தகுதி உண்டு, பணியைத் தலைமையேற்று நடத்தத் தகுதி இல்லை என்பதே கல்கத்தா அறிஞர்களின் முடிவாக இருந்தது. ஓவியத்தில் பின்வரிசையில் நின்ற அவரை வாழ்க்கையிலும் அங்கேயே நிறுத்திவிட்டார்கள். தங்கள் படக்குறிப்பும் அதையே செய்கிறது என்று சொன்னால் மிகையென நினைக்கமாட்டீர்கள் என நம்புகிறேன்.

பொகவந்தலாவையில் இருந்துகொண்டு இதை இவ்வளவு வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. இந்த ஊர் மரியன்னை தேவாலயத்தின் கல்லறைத் தோட்டத்தில் ஜூலியா மார்கரெட் கமரன் என்ற உலகப் புகழ் பெற்ற உருவப்படப் புகைப்படக் கலைஞர் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். பிரித்தானியர் காலத்தில் இலங்கையின் நிர்வாகத்தை மாற்றியமைத்த கோல்புரூக் – கமரன் சீர்திருத்தத்தைப் பாடசாலையில் மனனம் செய்த நம் பிள்ளைகளுக்கு, அந்தக் கமரனின் மனைவி இவர் என்று சொன்னால் போதும். 1875 இல் இலங்கைக்கு வந்து 1879 இல் டிக்கோயாப் பகுதியிலே இறந்த அவர், இங்கே எடுத்த மிகச் சில படங்களில் நம் நாட்டு உழைக்கும் மக்களை மிகுந்த கண்ணியத்துடன் எடுத்திருக்கிறார். இங்கிலாந்தில் கவிஞர்களையும் விஞ்ஞானிகளையும் பெயரிட்டு எடுத்த அதே கை, இங்கே எடுத்த படங்களுக்கு “களுத்துறைக் குடியானவர் குழு” என்பது போன்ற தலைப்புகளையே விட்டுச் சென்றது. ஹிக்கி மறைந்து அரை நூற்றாண்டுக்குப் பின்னர், கருவி மாறிய பின்னரும், நிலைமை முன்னேறவில்லை. ஒரு வகையில் பின்வாங்கியே இருந்தது.

நம் தோட்டங்களின் கதையும் இதுதான். ஹிக்கி மதராஸில் தம் இறுதி நாட்களைக் கழித்துக்கொண்டிருந்த காலத்திலேயே கம்பளைக்கு அருகே சிங்ஹபிட்டியவில் ஜோர்ஜ் பேர்ட் கோப்பித் தோட்டத்தைத் தொடங்கினார். பின்னர் அதே மதராஸ் மாகாணத்தில் இருந்துதான் நம் முன்னோர் மன்னார் வழியாக நடந்து மாத்தளைக்கும் அப்பாலும் வந்து சேர்ந்தார்கள். பழைய துரை பங்களாக்களின் சுவர்களில் தொங்கும் படங்களில் துரைமாரின் பெயர்கள் முதலெழுத்துகள் உட்பட அழகாக எழுதப்பட்டிருக்கும். நாற்காலிகளுக்குப் பின்னால் நிற்கும் கணக்கப்பிள்ளைக்கும் பெரிய கங்காணிக்கும், கூடையோடு தரையில் அமர்ந்திருக்கும் பெண்களுக்கும் பெயர் இராது. தோட்டத்து வரவுப் பதிவேடான செக்ரோலில் ஒவ்வொரு நாளும் தவறாமல் பேர் போடப்பட்டவர்கள் இவர்கள். சம்பளக் கணக்குக்குத் தேவைப்பட்ட பெயர் படத்துக்குத் தேவைப்படவில்லை.

ஆகவே என் வேண்டுகோள் இரண்டு. ஹிக்கியின் ஓவியத்தை மீண்டும் அச்சிடும் வாய்ப்பு வந்தால், மெக்கன்சியின் பெயரோடு கிருஷ்ணாஜி, தர்மையா, காவலி வெங்கட லட்சுமையா என்ற பெயர்களையும் அதே அளவு எழுத்தில் இடுமாறு கேட்டுக்கொள்கிறேன். அத்துடன், மலையகத்துப் பழைய குழுப் படங்களை வாரத்துக்கு ஒன்றாகத் தங்கள் பத்திரிகை வெளியிட்டு, அவற்றில் இருப்பவர்களை இனங்காணக்கூடிய முதியவர்களிடம் இருந்து பெயர்களைக் கேட்டுப் பெற்று அடுத்த வாரம் அச்சிட முடியுமா என்பதையும் பரிசீலிக்க வேண்டும். எங்கள் பகுதித் தோட்டங்களில் அத்தகைய படங்களை வைத்திருப்பவர்களை நான் அறிவேன். அவர்களிடம் அனுமதி பெற்றுப் படியெடுத்து அனுப்பும் பொறுப்பை ஏற்கத் தயாராக இருக்கிறேன்.

இங்ஙனம்,
தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற சித்திரப் பாட ஆசிரியர்,
பொகவந்தலாவை.